சீட்டு யாருக்கு இல்ல?

என்னடா தம்பி, நாலந்தா சந்தியில நின்னுக்கிட்டு போனைத் தடவுற? எல்லவுக்குக் கோச்சியில சீட்டு இருக்கான்னு பாக்குறியா? பாரு, பாரு. நம்ம ஊருக்குத் தண்டவாளமே கெடையாது. 1880ல மாத்தளைக்கு வந்த கோச்சி இன்னைக்கும் அங்கதான் நிக்குது. குளம் கட்டுறதுக்காக நம்ம கெடிகே கோயிலையே கல்லு கல்லா கழட்டி மேட்டுல வச்சானுங்க. தண்டவாளத்தை மட்டும் ஒருத்தனும் இந்தப் பக்கம் நகத்தல.

சரி, போன் என்ன சொல்லுது? முடிஞ்சுதா? முடியாம இருக்குமா! 2025 ஆரம்பத்துல அரசாங்கமே சொன்னுச்சே, எல்ல போற கோச்சியோட இணைய டிக்கட் 42 விநாடியில தீந்துபோச்சுன்னு. உன் பேரை அடிக்கவே உனக்கு அவ்வளவு நேரம் ஆகுமேடா? பந்திக்கு முந்தச் சொன்னாங்க பெரியவங்க. எலை போடுறதுக்கு முந்தி சோத்தையே தூக்கிட்டு ஓடவா சொன்னாங்க? அதே டிக்கட் வெளியில பல மடங்கு விலைக்கு சுற்றுலா வந்தவன் கைக்குப் போச்சு. பொலிஸ் வந்து தோண்டுச்சு. அப்புறந்தான் அடையாள அட்டை நம்பரோ பாஸ்போட் நம்பரோ இல்லாம இணையத்துல டிக்கட் இல்லன்னு வச்சாங்க.

ஆக, சீட்டு இல்லன்னு போன் சொன்னது பொய்யில்ல. யாருக்கு இல்லங்கிறத மட்டும் சொல்லல.

1964 ஒப்பந்தத்துல இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன நம்ம சனம் இருக்கே, அவங்க நாட்டுல இந்தச் சீட்டு விசயம் கொஞ்சம் தேவல. கடைசிப் பட்டியல் போட்ட பொறகும் எந்தப் பெட்டியில எந்தப் படுக்கை காலின்னு 2019ல இருந்து படம் போட்டுக் காட்டுறாங்க. எந்த ஸ்டேசன்ல இருந்து எதுவரைக்கும் காலின்னு கூடத் தெரியும். டிக்கட் பாக்குற டி.டி.ஆர். பின்னாலயே கெஞ்சிக்கிட்டு ஓட வேணாம். இங்க? கண்டியில ஏற வேண்டியவன் வரலன்னா அந்த சீட்டு சொகமா காத்து வாங்கிக்கிட்டே போகும். அடுத்த பெட்டியில சனம் ஒத்தக் கால்ல நிக்கும். ஒரு மாசத்துக்கு முந்தி முடிஞ்சுதுன்னு சொல்லத் தெரியுது, இப்ப காலின்னு சொல்லத் தெரியலயா?

மூணாம் வகுப்புல எங்க முறை என்ன தெரியுமா? யன்னலுக்குள்ள லேஞ்சியப் போட்டா சீட்டு நம்மளது. சண்டை வந்தா மூஞ்சிக்கு மூஞ்சி. கண்ணுக்கே தெரியாதவன்கிட்ட தோத்துட்டு வந்த கதை அங்க கெடையாது.

போனை மடியில செருகு. மாத்தளை பஸ் வருது, ஏறு. அங்கயிருந்து கண்டி. பதிவில்லாத டிக்கட்டை அன்னைக்கே ஸ்டேசன்ல குடுப்பான். லேஞ்சி வச்சிருக்கியா?