குளிரூட்டும் கேஸ்

ஒரகடம் சிப்காட் அருகே டீக்கடை நடத்துகிறேன். புதிதாக வாங்கிய கூல்டிரிங்ஸ் பெட்டிக்குள் புரொப்பேன் கேஸாம். பயமாக இருக்காதா? (ஒரகடம் வாசகர்)

அடுப்படியில் 19 கிலோ சிலிண்டரை வைத்துக்கொண்டு, 150 கிராமுக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிறீர்கள்? சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். கோத்ரெஜ் 2012-லேயே இதே வாயுவை வைத்து வீட்டு ஏ.சி. விற்கத் தொடங்கிவிட்டது. பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-134ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். புரொப்பேன் 3 மடங்கைத் தாண்டாது.

ஆனால் ஒன்று. சிலிண்டர் கேஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் புரொப்பேனில் அது கிடையாது. கசிந்தால் மூக்கு சொல்லாது. கசிவறியும் கருவியோடு வரும், பயிற்சி பெற்ற மெக்கானிக்கைத் தவிர வேறு யாரையும் அந்தக் குழாய்களில் கைவைக்க விடாதீர்கள்.