மாவு வீடும் குடும்பச் சமநிலையும்: புளிப்பின் அடிப்படையில் ஓர் ஆய்வு

வீட்டுத் தொழிலுக்கும் குடும்ப வாழ்வுக்கும் இடையே சமநிலை காண்பதற்கு நேரத்தைப் பங்கிடுதல், இடத்தைப் பிரித்தல், பணத்தைத் தனியே வைத்தல் என மூன்று வழிகளே இதுகாறும் சொல்லப்பட்டு வருகின்றன. இவை மூன்றும் மாவு வீட்டில் செல்லுபடியாகா என்பதை நிறுவுவதும், அவற்றுக்கு மாற்றாகப் புளிப்பு என்னும் ஒற்றை அளவுகோலை முன்வைப்பதும் இவ்வாய்வின் நோக்கம். மாவு வீடு என்பது, இட்லி தோசைக்கான ஈரமாவைத் தன் அடுக்களையிலேயே அரைத்து, வாசல் கேட்டில் தொங்கும் ஓர் அட்டையின் துணைகொண்டு தெருவுக்கு விற்கும் குடியிருப்பைக் குறிக்கும். அவ்வட்டையில் ‘இங்கு இட்லி மாவு கிடைக்கும்’ என்று எழுதியிருக்குமேயன்றி எப்போது கிடைக்கும் என்று எழுதியிராது. பின்னர் விவரிக்கப்படும் இன்னல்களில் பாதி இந்த விடுபாட்டிலிருந்தே பிறந்தவை.

மாவு வீட்டின் வரலாற்றைக் கிரைண்டரின் வரலாற்றோடு சேர்த்துப் பேசுவது மரபு. 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் சபாபதி என்பவரால் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படும் மின் கிரைண்டர், பின்னாளில் அவ்வூருக்குப் புவிசார் குறியீட்டையே பெற்றுத் தந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்தபின் மாவை விலைக்கு வாங்குவார் யார் என்று ஐயுறுவதற்கு இடமிருந்தது. ஆயினும் மாவு வணிகம் நலியவில்லை. காரணம், மாவரைத்தலில் அரைத்தல் மிகச் சிறிய பகுதி என்பதே. முந்திய வேளையே அரிசியையும் உளுந்தையும் நினைவாக ஊறப்போடுவதும், அரைத்து முடித்தபின் கல்லையும் தொட்டியையும் கழுவிக் கவிழ்ப்பதுமே அதன் பெரும்பகுதி. அரசாங்கம் கிரைண்டரை வழங்கியதேயன்றி அதைக் கழுவுவாரை வழங்கவில்லை. ஆகவே மாவு வீடு விற்பது மாவையன்று, கழுவாமையை என்று கொள்வதே பொருத்தம்.

இனி, மாவு வீட்டாரை எவ்வகையில் அடக்குவது என்னும் வகைப்பாட்டுச் சிக்கல் எழுகிறது. 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கை, வேலை கொடுப்பவர் குறித்துக் கொடுத்தபடி தம் வீட்டிலிருந்து பொருள் செய்து கூலி பெறுவோரையே வீட்டுத் தொழிலாளர் என்று கொள்வதால், தம் மாவைத் தாமே விற்பவர் அதில் அடங்கார். மாவின் பதத்தையும் உப்பின் அளவையும் மாமியாரே குறித்துக் கொடுக்கும் வீடுகளை அதில் அடக்கலாமே எனின், ஆங்குக் கூலி என்னும் உறுப்பு இல்லாமையால் அடக்குதல் இயலாது. ரஷ்யப் பொருளியலாளர் சயானவ் உழவர் குடும்பங்களைப் பற்றி 1925இல் வெளியிட்ட கோட்பாடே இவ்விடத்துக்குக் கைகொடுக்கிறது. கூலி என்ற கணக்கே இல்லாத குடும்பத் தொழிலில், குடும்பத்தின் தேவை நிறைவேறுவதால் வரும் பயனும் உழைப்பால் வரும் சலிப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டும் புள்ளியில் உழைப்பு நிற்கும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். சயானவ் கோதுமை விளையும் நாட்டவராதலின், பிள்ளைகள் முகம் சுளித்துத் தட்டைத் தள்ளுவதால் வரும் சலிப்பைத் தம் கணக்கில் சேர்த்திலர். அக்குறையை நிரப்புவது தமிழாய்வாளரின் கடமையாகிறது.

முதற்கண், நேரத்தைப் பங்கிடுதல் என்னும் வழியை நோக்குக. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற வழக்கமான அளவில் ஊறவைத்து அரைத்துக் கரைத்த மாவைப் பொங்கச் செய்வது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் முதலிய நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மாதத் தேர்வும் ஒன்றே. சித்திரை வெயிலில் அவை விடியுமுன்பே பாத்திரத்தின் மூடியைத் தூக்கிவிட்டு மேடையில் வழிகின்றன. மார்கழிக் குளிரில் விடிந்த பின்னும் அசையாமல் கிடக்கின்றன. முகூர்த்த நாளில் உறவினர் திருமணத்துக்குப் புறப்படும் குடும்பம், தாலி கட்டும் நேரத்தை மட்டுமன்றி உளுந்து ஊறும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே பேருந்து ஏற வேண்டியுள்ளது. மேலும், அமாவாசை, கிருத்திகை போன்ற நாள்களில் பல வீடுகளில் இரவுக்குச் சோறு விலக்கிப் பலகாரம் கொள்வதால், மாவு வீட்டாரும் விரதமிருக்கும் அந்த இரவே அவர்களுக்கு மும்முரமான விற்பனை இரவாக அமைகிறது. தீபாவளிக்கு முந்திய நாளைப் பற்றித் தனி நூலே எழுதலாம். அன்று ஊர் எண்ணெய்ச் சட்டியருகே நிற்க, மாவு வீடு கிரைண்டரருகே நிற்கும்.

‘எட்டு மணிக்கு மேல் கேட்டைப் பூட்டிவிடலாமே’ என்பாரும் உளர். அற்றன்று, எட்டரை மணிக்கு வந்து, ‘அக்கா, அரை லிட்டர் மட்டும்’ என்று கம்பிக்கு வெளியே நிற்பவர் பெரும்பாலும் பிள்ளையின் வகுப்பாசிரியராகவோ, வீட்டு உரிமையாளரின் மருமகளாகவோ இருப்பதால், அப்பூட்டு சட்டப்படி பூட்டாயினும் நடைமுறையில் தாழ்ப்பாளே.

இடத்தைப் பிரித்தல் என்னும் இரண்டாம் வழி, குளிர்சாதனப் பெட்டியின் முன் தோற்கிறது. மேல்தட்டு குடும்பத்துக்கு, கீழ்த்தட்டுகள் தொழிலுக்கு என்று தொடக்கத்தில் செய்துகொள்ளப்படும் ஒப்பந்தம், முதல் பண்டிகையோடு காலாவதியாகி, பால் பாக்கெட் கதவின் பக்கவாட்டுக்கும், கொத்தமல்லித் தழை அடுக்களைச் சன்னலுக்கும், முந்தாநாள் சாம்பார் அண்டை வீட்டுக்கும் குடிபெயர்வதில் முடிகிறது. மின்கட்டணமும் இதே தன்மையது. 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயினும், பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கு மாறுவதால், அந்தத் தாண்டலுக்குக் காரணம் கிரைண்டரா ஏசியா என்னும் வழக்கு கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விசாரணைக்கு வருகிறது. தீர்ப்பு இன்றளவும் வழங்கப்படவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, அஞ்சறைப் பெட்டிக்கு அருகே ஒரு டப்பாவில் சில்லறை சேர்ந்த காலத்தில் தொழிலின் வரவு அரைத்தவரின் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. 2016இல் யுபிஐ வந்தபின், வாசலில் ஒட்டப்படும் க்யூஆர் கோடு பல வீடுகளில் கணவரின் வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருப்பதால், மாவை மனைவி ஊற்றப் பணம் அலுவலகத்திலிருக்கும் கணவரின் கைபேசியில் ஒலிக்கும் விந்தை நிகழ்கிறது. அன்றைய விற்பனை எவ்வளவு என்பதை அரைத்தவர், அரைக்காதவரிடம் மாலையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். இதனைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று கொள்வார் கொள்க.

மேற்கண்ட மூன்றும் பயன்படாமையால், இவ்வாய்வு புளிப்புக் கோட்பாட்டை முன்வைக்கிறது. விற்ற மாவு ஊருக்கு, விற்காத மாவு குடும்பத்துக்கு என்பது எல்லா மாவு வீடுகளுக்கும் பொதுவான, எங்கும் எழுதப்படாத விதி. ஆகையால் இரவு உணவுத் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் தொழிலின் நிலையைச் சொல்லிவிட முடியும். தட்டில் தோசை இருப்பின் நேற்றைய மாவு மீந்தது என்றும், வெங்காயம் தூவிய ஊத்தப்பம் இருப்பின் மீந்தது இரண்டு நாளாயிற்று என்றும், குழிப்பணியாரம் இருப்பின் பச்சை மிளகாயும் தாளிப்பும் எதையோ மறைக்கின்றன என்றும் உணர்க. தொழில் செழித்து மாவு முழுவதும் விற்றுத் தீர்ந்த நாளிலோ தட்டில் ரவை உப்புமா இருக்கும். அதாவது, தொழில் தாழ்ந்தால் குடும்பம் புளிப்பை உண்கிறது, உயர்ந்தால் உப்புமாவை உண்கிறது. விற்பனைக்கு வைத்த அதே நாள் மாவில் குடும்பத்துக்கென ஒரு குண்டானை முதலிலேயே எடுத்துவைத்து, வாடிக்கையாளரிடம் ‘தீர்ந்துவிட்டது’ என்று கண் பார்த்துச் சொல்லி, பிள்ளைகளுக்குச் சூடான இட்லி வைக்கும் நாளே சமநிலை நாள். அத்தகைய நாள்கள் அரியன. அப்பொய்யைச் சொல்லும் துணிவு தொழில் தொடங்கி நெடுங்காலம் கழித்தே கைவருகிறது என்பதும், அதனைக் கணவர்மார் எளிதில் பெறுவதில்லை என்பதும் குறிக்கத் தக்கன. ‘உள்ளே இன்னும் இருக்கே’ என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்துச் சமநிலையைக் குலைப்பவர் பெரும்பாலும் அவர்களே.

இக்கோட்பாட்டுக்கு ஒரு விலக்கு உண்டு. எடுத்துவைத்த குண்டானும் எட்டரை மணியாருக்குப் போய்விட்ட இரவில், உப்புமாவுக்குப் பிள்ளைகள் உடன்படாதபோது, மாவு வீட்டிலிருந்து ஒரு சிறுவன் துணிப்பையோடு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வேறொரு மாவு வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். தன் வீடு எதுவென்று கேட்டால் சொல்லக்கூடாது என்ற அறிவுறுத்தலும் உடன் செல்கிறது. அந்த மாவில் வார்த்த தோசை எப்படியிருந்தது என்பதைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. மூன்றாவது தோசை கேட்கும் பிள்ளைக்கு மட்டும் அன்றிரவு வழக்கத்தைவிடச் சற்றுக் கடுமையான பார்வை கிடைக்கிறது.