சோலார் வேன்காரர்

சோலார் வேன்காரர் வெயிலை வருமானமாகப் பார்ப்பவர். ஊரே வெயிலுக்குப் பயந்து ஏற்காடு ஏறும் மே மாதத்தில், அவர் வெயிலைத் தேடிக்கொண்டு ஏறுவார். அவருடைய உடைமைகள் மூன்று: பழைய டெம்போ டிராவலர் ஒன்று, அதன் கூரையில் 100 வாட்ஸ் பேனல் இரண்டு, உள்ளே கட்டிலுக்கு அடியில் கைப்பிடி வைத்த பெட்டி ஒன்று. பெட்டிக்குப் பவர் ஸ்டேஷன் என்று பெயர். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜ் கன்ட்ரோலர் எல்லாம் அதற்குள் அடக்கம். முழுக்க நிறைந்தால் 1 யூனிட் மின்சாரம் இருக்கும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தரும் மாநிலத்தில், அந்த ஒரு யூனிட்டுக்காகப் பல பத்தாயிரங்களைச் செலவழித்தவர் என்ற பெருமை அவருடையது.

சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மற்ற வண்டிகளில் எலுமிச்சம்பழம் கைமாறும். இந்த வண்டியில் செல்போன் கைமாறும். பேனலிலிருந்து எத்தனை வாட்ஸ் வருகிறது என்று அதில் ஓர் ஆப் காட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர் பார்க்க முடியாது. எனவே பக்கத்தில் இருப்பவர் உரக்கப் படிக்க வேண்டும். இந்த உத்தியோகம் மனைவிக்கு.

“எவ்வளவும்மா?”

“நூத்திப் பத்துங்க.”

“இப்போ?”

“நாப்பது.”

“ஏன் குறைஞ்சுது?”

“மரம் வந்துருச்சுங்க.”

ஏரிக்கரைக்கு வந்ததும் படிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொள்வார். அங்கே கேட்பதற்கு ஆள் அதிகம். பக்கத்து வண்டிக்காரர் மரியாதைக்குச் சிரித்தால் பதிலுக்கு வணக்கம் வராது. “இப்போ 148” என்று வரும். எது 148 என்று கேட்டவர் அன்றைக்குப் படகில் ஏற மாட்டார். மேகம் நகர்ந்தால் 160 என்பார். மூடுபனி இறங்கினால் 22 என்பார், உடனே பனியிலும் சிதறிய ஒளி வரத்தான் செய்யும் என்று பேனலுக்காக வாதாடுவார். குளிர்ச்சியில் பேனல் கூடுதலாக உழைக்கும், சேலத்து வெக்கையில் அதன் திறன் குறையும் என்பார். அவர் சொல்வதெல்லாம் உண்மை. அதனால்தான் தப்பிக்க முடிவதில்லை. லேடீஸ் சீட் காட்சிமுனையில் எல்லோரும் தொலைநோக்கிக்கு வரிசை நிற்பார்கள். வானம் தெளிந்த நாளில் மேட்டூர் அணையின் நீர் அங்கிருந்து தெரியும். அந்த அணையில் 1937 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, “ஏறுது, ஏறுது, 171” என்று ஒருவர் சொன்னால் அவர்தான் இவர்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அவருக்கு உள்ள ஒரே பகை சில்வர் ஓக் மரம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் எஸ்டேட்காரர்கள் சில்வர் ஓக்கை வளர்த்து, அதில் மிளகுக் கொடியையும் ஏற்றிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக நிழலுக்கென்றே பாடுபட்ட மலை இது. பேனலுக்கோ ஒரு கிளையின் நிழலே போதும். செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒற்றையடிப் பாதையில் முன்மாடு படுத்துக்கொண்டால் பின்னால் வரும் மாடெல்லாம் நிற்பதுபோல மொத்த உற்பத்தியும் சுருங்கிவிடும். அந்தக் கிளையைக் கொஞ்சம் கழித்துவிட முடியுமா என்று எஸ்டேட் காவலாளியிடம் கேட்டவர்கள் இந்த இனத்தில் உண்டு.

கிளை கழியாது, எனவே வண்டி நகரும். காலையில் ஏரிக்கரை, பத்து மணிக்கு அதன் எதிர்ப்புறம், உச்சிவேளையில் நட்டநடுத் திடல். ஒவ்வொரு முறையும் நாலு வண்டிக்காரர்களைத் தேடிப் பிடித்து, சார், கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா என்று கேட்பார். கோடை விழா நாட்களில் ஏற்காட்டில் சைக்கிள் நிறுத்தவும் இடம் கிடைப்பதில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடக்கிறார்கள். பக்கத்து வண்டியின் நிழல் படக் கூடாது என்று பொது இடத்தில் பகல் முழுக்க இரண்டு வண்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு வெயில் காய்வது பொழுதுபோக்கு ஆகாது, அது ஆக்கிரமிப்பு.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த மின்சாரம் எதற்குப் பயன்படும் என்றால், பெரும்பாலும் எதற்கும் இல்லை. ஃபேன் வேண்டாம், ஏற்காட்டிலேயே குளிர்கிறது. 1,500 வாட்ஸ் கெட்டிலைச் செருகினால் 1,000 வாட்ஸ் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். மிச்சம் இருப்பது மிக்ஸி. சட்னி அரைச்சுக்கவா என்று மனைவி கேட்டால், தேங்காயா பொட்டுக்கடலையா என்று விசாரணை நடக்கும். தேங்காய் அரைபட நேரமாகும். 750 வாட்ஸ் மிக்ஸி மூன்று நிமிடம் ஓடினால் செலவு 1 யூனிட்டில் 4 சதவீதம்கூட இல்லை. நல்ல வெயிலில் அது கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். அவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். இருந்தாலும் ராத்திரிக்கு வேண்டுமே என்பார். இட்லிக்குப் பொடியே கிடைக்கும்.

ஆனால் மே மாதச் சாயங்கால மழையில் கரண்ட் போகும்போது அவரைப் பார்க்க வேண்டும். மிளகாய் பஜ்ஜிக் கடை இருட்டில் கிடந்தால், கேட்காமலே ஒயரை இழுத்துவந்து 9 வாட்ஸ் எல்இடி பல்பைத் தொங்கவிடுவார். கடைக்காரரின் போனுக்கும், நனைந்து நிற்கும் கல்லூரிப் பையன்களின் போனுக்கும் சார்ஜ் போட்டுக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். பஜ்ஜியை மட்டும் வாங்கிக்கொள்வார். அப்போது அவர் முகத்தில் உள்ள வெளிச்சம் எந்த ஆப்பிலும் வராது. அந்த பல்பு நாலு மணி நேரம் எரியப் பிடிப்பது ஏறக்குறைய ஒரு சட்னிக்கான மின்சாரம். ஊராருக்குத் தாராளமாகக் கிடைத்தது வீட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதை மனைவி கவனித்திருப்பார், சொல்ல மாட்டார்.

பெட்டி 91 சதவீதத்தோடு வீடு திரும்பும். அதை அவர் ஒரு வெற்றியாகவே அறிவிப்பார். இவ்வகை பேட்டரி சில ஆயிரம் முறை ஏறி இறங்கத் தாங்கும். வாரம் ஒருமுறை காலி செய்தாலும் வண்டிக்கு முன்னால் அது ஓயாது. நிறைய ஏற்றி மாதக்கணக்கில் சும்மா வைப்பதுதான் அதற்குக் கெடுதல். ஆகவே வேன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: திடலில் ஒரு வண்டி இடம் போதும், மிக்ஸியை ஓடவிடுங்கள்.