மூணு கால் அண்ணன்

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். வேலூரைப் பற்றி வெளியூர்க்காரன் சொல்லும் வசனம் இது. இன்னும் ஒன்றிரண்டு அயிட்டம் உண்டு, அதையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது. இதில் கடைசிக் குறை 1981-இல் தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். மற்ற மூன்றும் இருந்தபடியே இருக்கின்றன. அந்த மூன்றை மட்டும் நம்பித்தான் எங்கள் அண்ணன் இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர் ஆனார்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. காட்பாடி காந்தி நகரில் எங்கள் தெருவே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். இந்த ரகத்தில் ஊருக்கு ஒருவர் இருப்பார். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: சட்டைக்கு மேல் பதினாறு பாக்கெட் வைத்த கையில்லாத கோட்டு, முதுகில் மூட்டை, மூட்டையின் பக்கவாட்டில் ட்ரைபாட். மலையைப் பார்த்தால் உடனே கேமராவை எடுக்க மாட்டார். முதலில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு லென்ஸைத் துடைப்பார். பிறகு துடைத்த துணியை உதறுவார். அதற்குள் சூரியன் இரண்டு முழம் ஏறியிருக்கும்.

ஆனால் எங்கள் அண்ணனிடம் ஒரு கூடுதல் விசேஷம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்தைந்து வருஷமாகச் செக்கிங் செக்‌ஷன். தினமும் காலையில் ரயிலேறிப் போய், மேஜை மேல் விழும் தோலையும் ஷூவையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. மாடு உயிரோடு இருந்தபோது முள்வேலியில் உரசிய கீறல், உண்ணி கடித்த புள்ளி, தையலில் ஒரு நூல் பிசகல், எதுவும் தப்பாது. இருபத்தைந்து வருஷம் குறையை மட்டுமே பார்க்கச் சம்பளம் வாங்கிய கண் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழகைப் பார் என்றால் எப்படிப் பார்க்கும்?

கேமரா வாங்கிய கதையே ஒரு வருஷம் ஓடியது. பெண் பார்க்கப் போன வீட்டில் கூட அண்ணன் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை என்று அண்ணியே சொல்வார். 2017-இல் வந்த நிக்கான் டி850 நல்லதா, அதற்கு முந்தின வருஷம் வந்த பென்டாக்ஸ் கே-1 நல்லதா என்று டீக்கடையில் எனக்குப் பாடம் நடக்கும். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எனக்கு இரண்டும் கறுப்பாக இருந்தது மட்டும் தெரிந்தது.

"இதுல நாப்பத்தஞ்சு மெகாபிக்சல் கீதுப்பா. அதுல ரப்பர் சீலிங் கெட்டி. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது."

"காட்பாடில எங்கண்ணா மழை?"

"பேசாத. நம்பிக்கைன்னு ஒண்ணு ஒணும்ல."

சென்னைக் கடைக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பையன் பவ்யமாக விளக்கினான். சில பாடிகள் மைனஸ் பத்து டிகிரிக் குளிரிலும் வேலை செய்யும் என்றான். அண்ணன் அதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"எங்க சார் போறீங்க, லடாக்கா?"

"இல்ல, காட்பாடி."

பையன் ஒரு கணம் அண்ணனைப் பார்த்தான். பிறகு கையேட்டைத் திருப்பி அந்த வரியின் மறுமுனையில் விரலை வைத்தான். மேல் வரம்பு 40 டிகிரி. எந்தக் கம்பெனி கேமராவை எடுத்தாலும் ஏறக்குறைய அங்கேதான் கோடு போடுகிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் அந்தக் கோட்டைக் காலை பதினொரு மணிக்கெல்லாம் தாண்டிவிடும். ஆக, கம்பெனி கணக்குப்படி மே மாதம் முழுக்க காட்பாடி என்பது கேமரா வேலை செய்யத் தகுதியில்லாத இடம். மனிதர்களுக்கு அப்படிக் கையேடு எதுவும் போடவில்லை, அதனால் நாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறை கண்டுபிடிப்பதில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனால் பிழைத்தார்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை, கீழே வைத்துவிடுவார். உள்ளே திறந்து மூடும் இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தால் வேண்டாம். வெள்ளைச் சுவரை எஃப்-16இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி, சென்சாரில் உட்கார்ந்த தூசியை எண்ணுவார். ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்தது என்று கேட்பார். விற்க வந்தவன் முகம் வெளுக்கும். இதெல்லாம் தோல் மண்டியில் கற்ற வித்தை. மாட்டுத் தோலையே நம்பாதவர் மனிதன் வாய்ச்சொல்லை நம்புவாரா?

ரப்பர் சீலிங் விஷயத்திலும் அவர் சொன்னது சரிதான். பாடிக்கு மட்டும் சீலிங் இருந்து பிரயோஜனமில்லை. மாட்டும் லென்ஸின் வாயிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. 'மழை தாங்கும்' என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி கிடையாது என்று உள்தாளில் பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தைப் படிக்கத்தான் அண்ணன் பிறந்தாரோ என்று தோன்றும். ஒரே ஒரு தடவை சறுக்கினார், அதுவும் சொந்தத் தொழிலில்.

கேமராவுக்கு நைலான் பை மரியாதையாக இல்லை என்று ஆம்பூரில் தெரிந்தவரிடம் சொல்லித் தோலில் ஒரு பை தைத்தார். எக்ஸ்போர்ட் குவாலிட்டி. தையலை அவரே செக் பண்ணினார். குறை சொல்ல அவருக்கே ஒன்றும் அகப்படவில்லை. தெருவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் கேமரா அதற்குள்ளேயே குடியிருந்தது. தை பிறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸுக்குள் சிலந்தி வலை. தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரமும் இருட்டும் பூஞ்சைக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அது தெரியாதவரா அண்ணன்? குடோனில் தோல் பூசணம் பிடிக்காமலிருக்க என்ன பாடு படுகிறார்கள் என்பதைத் தினம் பார்ப்பவர். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டார்.

பரிகாரமும் ஷூ கம்பெனியிலிருந்தே கிடைத்தது. புது ஷூ டப்பாவுக்குள் சிறு பொட்டலமாகக் கிடக்குமே சிலிக்கா ஜெல், அதைச் சேர்த்தார். அண்ணியின் அப்பள டப்பா காற்றுப் புகாதது என்பதால் அதைக் கைப்பற்றிக் கேமராவை அதற்குள் வைத்தார். நிறம் மாறும் ஜாதி மணியும் கொஞ்சம் வாங்கிப் போட்டார். நீலமாக இருந்தால் உலர்ந்திருக்கிறது, ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ரோஜா ஆனதை மறுபடி நீலமாக்க வாணலியில் போட்டு மெல்லிய தீயில் வறுக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அடுப்படியில் நின்று மணி வறுப்பார். "தாளிக்கறதுக்குக் கடுகு போடட்டுமா?" என்று அண்ணி கேட்பார். அதன் பிறகு அந்த வாணலியை அண்ணி சமையலுக்குத் தொடவில்லை. அண்ணன் கியர் கணக்கில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது. தோல் பையில் இப்போது கரண்டு பில் ரசீதுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பூஞ்சை பிடிக்கவில்லை.

சரி, படம்?

அங்கேதான் சிக்கல். பள்ளிகொண்டா தாண்டி, குடியாத்தம் பக்கம், வள்ளிமலை அடிவாரம் என்று எத்தனையோ விடியற்காலைகளில் என் மொபெட்டின் பின்னால் ட்ரைபாடைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இறங்குவார். கிழக்கே பார்ப்பார். பாறைக் குன்றுகளுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறம் எழும்பி வரும். எனக்கு மயிர்க்கூச்செறியும்.

"மேகம் பத்தல. பி கிரேடு."

திரும்பிவிடுவோம். அடுத்த வாரம் மேகம் இருக்கும். "ஜாஸ்தி. கிரெய்ன் சரியில்ல." ஒரு தடவை எல்லாம் கூடி வந்தது. நடுவில் ஒரு மின்கம்பம். "ரிஜெக்ட்." உதயசூரியனை ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, அவர்தான்.

ஒரு நாள் லின்னேயஸ் ட்ரைப் கதையை எடுத்துவிட்டேன். 1857, 58-இல் சென்னை ராஜதானிக்கு அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த வெள்ளைக்கார கேப்டன். மெழுகு தடவிய பெரிய காகித நெகடிவ்களையும் மருந்துகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை இருபத்தொரு படமாக எடுத்து, ஒட்டி, பத்தொன்பது அடிக்கும் மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். அந்தக் கால நெகடிவிலிருந்து போட்ட படத்தில் வானம் வெறுமையாக வெளுத்து விழும் என்பதால், மனிதர் தூரிகை எடுத்து நெகடிவிலேயே மேகம் வரைந்தும் வைத்தார். "ரப்பர் வளையமும் இல்லை, மேகமும் இல்லை, இருந்தாலும் எடுத்தார் பாருங்கண்ணா" என்பது என் குத்தல்.

அண்ணன் அசரவில்லை. "அது பிக்மெண்ட் வேலைப்பா. தோல்ல கீறல் இருந்தா மேல கலர் அடிச்சு மறைச்சு அனுப்புவோம்ல. ஃபுல் கிரெய்னுன்னு அதுக்கு சீல் குத்த முடியுமா?"

ஆன்சல் ஆடம்ஸ் கதையும் அப்படித்தான். 1941 நவம்பர் 1 சாயங்காலம், அமெரிக்காவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேல் நிலா. ஒளி அளக்கும் மீட்டர் கையில் அகப்படவில்லை. நிலாவின் வெளிச்சம் இவ்வளவு என்று மனதில் இருந்த கணக்கை வைத்தே ஆடம்ஸ் ஒரு படம் எடுத்தார், இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. கேட்பவர்கள் எல்லாம் இதில் ஒரு கலைஞனின் மனக்கணக்கைப் பார்ப்பார்கள். அண்ணன் பார்த்தது வேறு. மறுநாளே இரண்டாவது மீட்டர் ஒன்று வாங்கினார்.

ட்ரைபாட் கதை தனி. எடைக்கு ஏற்ற உறுதி வேண்டும் என்று கார்பன் ஃபைபரில் வாங்கினார். நடுத்தண்டை உயர்த்தினால் காற்றுக்கு ஆடும், உயர்த்தாதே, கீழே கொக்கியில் மூட்டையைத் தொங்கவிடு என்பது அவர் பாடம், அது நல்ல பாடம். அதைச் சோதிக்க ஒரு மார்கழி விடியலில் விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றுக்குள் இறங்கினோம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் வர வேண்டிய ஆறு, எங்களிடம் வரும்போது பெரும்பாலும் மணலாகத்தான் வரும். அந்த இருட்டில் அண்ணன் மூன்று காலையும் விரித்து, கொக்கியில் பையைத் தொங்கவிட்டு, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தூரத்தில் வந்துகொண்டிருந்த நான்கு மாட்டுவண்டிகள் அப்படியே நின்றன. பிறகு சத்தமில்லாமல் திரும்பின. மணல் அள்ள வந்தவர்கள். அளக்க வந்த ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள். தாசில்தார் எத்தனை தடவை ஜீப்பில் வந்தும் நடக்காதது, ஒரு ட்ரைபாட் நின்று நடந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கம் வண்டியே வரவில்லை என்று கேள்வி. அன்றிலிருந்துதான் அவர் மூணு கால் அண்ணன்.

அந்தப் பையில் ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு. வெல்டிங் பட்டறைக் கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர். வரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். முப்பதில் ஒரு வினாடியில் விழ வேண்டிய படத்துக்கு அரை நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். அந்த அரை நிமிஷத்தில் ஓடும் தண்ணீர் அலையெல்லாம் கலந்து பட்டுத்துணி மாதிரி வழவழவென்று படத்தில் விழும். அதாவது, தண்ணீர் ஓடுகிற ஊரில். அதை வாங்கிக்கொண்டு வந்து பாலாற்றங்கரையில் அண்ணன் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். ஒட்டகம் வாங்குவதற்கு முன்னால் கடிவாளம் வாங்கினவர் போல.

2021 நவம்பரில் பாலாறு வந்தது.

இரண்டு கரையும் முட்ட வந்தது. கரையோரத்தில் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் பட்ட பாடு தனி, அது சிரிக்கிற விஷயமில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அது ஆயுசில் பார்க்காத காட்சி. பாட்டிகளெல்லாம் பேரப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். பூ போட்டுக் கும்பிட்டவர்களும் உண்டு. எல்லோர் கையிலும் செல்போன். அண்ணி எடுத்த வீடியோவில் ஆறு இரைகிற இரைச்சலே காதைப் பிளந்தது. அது காட்பாடி முழுக்கச் சுற்றிவிட்டு எனக்கே மூன்று பேரிடமிருந்து வந்து சேர்ந்தது.

அண்ணன் அன்று லீவு போட்டார். பாதுகாப்பான மேட்டில் இடம் பிடித்து ட்ரைபாடை நட்டார். தூறிக்கொண்டிருந்தது. ரப்பர் சீலிங் போட்ட கேமராவுக்கு நான் குடை பிடித்தேன், அண்ணன் நனைந்தார். வானத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஏ கிரேடு," என்றார்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். முப்பது வினாடி. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணினார். அப்படி ஒரு அமைதி அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. ஒரே படம். போதும் என்று மூட்டை கட்டிவிட்டார்.

பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் அடித்து, டீக்கடையில் மாட்டக் கொடுத்தார். வெள்ளம் செந்நிறச் சேற்று வெள்ளம். முப்பது வினாடியில் அலை, நுரை, சுழல் எல்லாம் ஒன்றாகக் கலந்து, ஒரு சுருக்கம் இல்லாமல், கரைக்குக் கரை பழுப்பாக, வழவழவென்று விழுந்திருந்தது. குறையே சொல்ல முடியாத படம். டீக்கடைக்காரர் அதைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூப்பரா கீதுண்ணா. இது தண்ணி வர்றதுக்கு மொத நாள் எடுத்ததா?"

அண்ணன் படத்தை வாங்கி, இருபத்தைந்து வருஷத் தொழில் கண்ணால் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆறு ஸ்டாப் வாங்கியிருக்கணும்பா."