களுபோவில பிக்கப்பின் காலமும் கருத்தும்

மாமாவின் பழைய டட்சன் 1200 பிக்கப் காலையில் ஸ்ரார்ட் ஆகும். ஐட்லிங்கில் நில்லாது. பட்டிமன்றப் பேச்சாளர்போல் தொண்டையைச் செருமும், ஓய்ந்துவிடும். நோய் ரைமிங்கில் என்பது அறிஞர் துணிபு. ரைமிங் என்றால் காலம். ஆகவே இது காலவாராய்ச்சி. தொல்காப்பியரை நூற்றாண்டு நூற்றாண்டாக முன்னும் பின்னும் தள்ளிப் பழகிய நம் புலமை உலகம், இத்துறையைக் கராஜ்காரரிடம் விட்டுவைத்தது வியப்பு.

ஆய்வுப்பொருள்: 1171 சீசீ, நாலு சிலிண்டர். பொறி தட்டும் வரிசை 1-3-4-2. இவ்வரிசைக்கு எவரும் இதுவரை பாடபேதம் காட்டவில்லை. துறை வளராமைக்கு இதுவே சான்று.

சோக்: இழுத்தால் கையோடு வரும்.

இனிக் கொள்கைகள். பிஸ்டன் உச்சியைத் தொடச் சில பாகை இருக்கும்போதே பிளக்கில் பொறி தட்டவேண்டும். முற்காலக் கொள்கையினர் அதை இன்னும் முந்தவைப்பர் (மாமா, வாய்மொழி, கேற்றடி). ஏற்றத்தில் எஞ்சின் நொக் பண்ணும். பிற்காலக் கொள்கையினர் பிந்தவைப்பர் (கராஜ் பாஸ், வாய்மொழி, பிளேன்ரீக்கு முன்). இழுவை போகும், சூடேறும். இரு கட்சிக்கும் இடையே 5 பாகை. நிமிடத்துக்கு 700 சுற்றில் அது ஒரு செக்கனின் 840இல் ஒரு பங்கு. இதற்காக மாமாவும் பாஸும் மூன்று கிழமை பேசவில்லை. பேராசிரியர்களுக்கு அந்த நிலைக்கு வர ஐந்நூறு ஆண்டாவது இடைவெளி வேண்டும்.

டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்ற் இருக்கிறது. இடைவெளி அரை மில்லிமீற்றர் அளவில். அதன் குதி தேயத்தேய இடைவெளி சுருங்கும், பொறி தானாகவே பிந்தும். யாரும் கைவைக்காமலே பிற்காலக் கொள்கை வென்றுவிடும். பாஸ் இதைத் தம் வாதத்துக்குச் சான்றாக்குவது ஆய்வு நேர்மையன்று (பாஸ், மேற்படி, திருத்திய இரண்டாம் வாய்மொழி, பிளேன்ரீக்குப் பின், மறுப்புக்குக் காண்க: மாமா, நீண்ட பெருமூச்சு, மறுப்பின் மறுப்புக்கு: பாஸின் மகன், 12ஆம் நம்பர் ஸ்பானரை நிலத்தில் போட்ட ஓசை, ஒருமுறை).

இறையனார் களவியல் உரைப்படி முச்சங்கமும் சேர்ந்து நின்றது 9990 ஆண்டு. நம் காபரேற்றரைக் கழற்றிய சங்கங்களும் மூன்று. முதற்சங்கம் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. இடைச்சங்கம் தெஹிவளையில். கடைச்சங்கம் பஞ்சிகாவத்தையில், பழைய பாட்ஸ் கடைகள் நிறைந்த இடமாதலால் பெயர்க்காரணம் வெளிப்படை. முதலிரு சங்கங்களையும் கடல் கொள்ளவில்லை. கடற்கரை பத்து நிமிடத் தூரத்தில் இருந்தும் கொள்ளாதது மாமாவின் தீராத வருத்தம். கடைச்சங்க காலத்தில் வேறேதோ காரின் காபரேற்றர் இடைச்செருகலாகப் புகுந்தது. "ஒரிஜினல்தான் மஹத்தயா" என்பது பதிப்பாசிரியர் குறிப்பு. மூலபாடம் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது.

உண்மைக் காரணம் இந்த ஆய்வுக்குப் பொருந்தாதது, ஆயினும் சொல்லிவைக்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, மனிபோல்டிலிருந்து இறங்கும் இறப்பர்க் குழாயோரம் காதை வைத்தேன். வளைவில் 'ஸ்ஸ்' என்றது. மயிரிழை வெடிப்பு. விரல் வைத்தேன்: ஸ்ஸும் நின்றது, செருமலும் நின்றது. எடுத்தேன்: இரண்டும் வந்தன. கள்ளக்காற்று உள்ளே போய்க் கலவையை மெலியவைத்திருக்கிறது. ரைமிங்கில் பிழையே இல்லை. கட்டுரையின் தலைப்பையே இது கெடுப்பதால், கருத்தரங்கில் வாசிக்கும்போது இப்பந்தியை விட்டுவிடுவேன்.

கடைசியாகக் கல்வெட்டுச் சான்று. புல்லியைத் துணியால் துடைத்தபோது ரைமிங் கோடுகள் மூன்று தெரிந்தன: மஞ்சள் எனாமல், வெள்ளை பெயின்ற், கொஞ்சம் கடுஞ்சிவப்பு. மூன்றும் மூன்று இடத்தில். மூன்று உரையாசிரியர்கள்; மூலம் துருவுக்குள். சிவப்பை மாமி ஜன்னலால் பார்த்தே அடையாளங்கண்டார். "அது என்ர கியூட்டெக்ஸ். இவர்தான் கேக்காமல் எடுத்தவர்."

எப்போது என்று கேட்டேன்.

"கலவரத்துக்கு முதல்" என்றார் மாமி.

"இல்லை, பிறகு" என்றார் மாமா.

எந்தக் கலவரம் என்று நான் கேட்கவில்லை.