அசல் மாமா

முக்திநாத் போகிற யாத்திரைக் கோஷ்டி எதுவானாலும் அதில் சர்க்கரை மாத்திரையை மறந்து வந்தவர் ஒருவர் இருப்பார், ஜன்னல் ஸீட்டுக்குச் சண்டை போடுபவர் ஒருவர் இருப்பார். அசல் மாமா ஒருவரும் கட்டாயம் இருப்பார். எங்கள் கோஷ்டியில் வந்தவர் கும்பகோணத்துக்காரர். பாங்க்கில் நகைக்கடன் பிரிவில் முப்பது வருஷம் உரசிப் பார்த்தே காலம் தள்ளியவர். ரிடையர் ஆனபோது உரைகல் பாங்க்கிலேயே தங்கிவிட்டது. சந்தேகம் மட்டும் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

3,700 மீட்டருக்கு மேலே, நமக்கெல்லாம் மூச்சு வாங்குகிற இடத்தில், காளி கண்டகியின் சாளக்கிராமத்தைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். தேங்காய்க்குக் கிடைக்கிற மரியாதைதான் பெருமாளுக்கும்.

காத்மாண்டு திரும்பியதும் தமேல் கடைத்தெருவில் அவர் கொடி பறந்தது. முதலில் பஷ்மினா சால்வை. மலை உச்சியில் மேயும் சாங்ரா ஆட்டுக்குக் குளிருக்கென்று உள்ளே வளரும் பூமயிர்தான் பஷ்மினா. மாமாவிடம் அதற்கு இரண்டு பரீட்சை இருந்தன: சால்வை மோதிரத்துக்குள் நுழைந்து வரவேண்டும்; நூலைக் கொளுத்தினால் முடி கருகுகிற வாசனை வரவேண்டும். மாமியின் மோதிரத்தைக் கேட்டார். அது கல்யாணத்தன்று ஏறியது, இறங்க மறுத்துவிட்டது. கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்து மோதிரம் ஒன்றை எடுத்து வைத்தார். கூடவே ஒரு தீப்பெட்டியும் வந்தது. எத்தனை மாமாக்களைப் பார்த்த கடையோ!

சால்வை இரண்டிலும் தேறியது. செயற்கைப் பட்டும் மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், சாதாரணச் செம்மறி மயிரும் முடி நாற்றம்தான் அடிக்கும் என்று நான் மெல்லச் சொன்னேன். "தம்பி, நீ சும்மா இரு" என்றார்.

பிறகு பேரம். விலை 4,800. மாமா இரண்டு முறை கடையை விட்டு இறங்கினார், மூன்று முறை ஏறினார். அரைமணி நேரத்தில் 3,000க்குக் கொண்டுவந்து நிறுத்தி, எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நேபாளப் பணத்தை எண்ணி நீட்டியபோது கடைக்காரர் பணிவாகச் சொன்னார்: "ஐசி, ஸார், ஐசி." அங்கே இந்தியப் பணம் ஐசி, நேபாளப் பணம் என்சி. நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் நூற்றறுபது என்று 1993லிருந்தே கணக்கு. வகுத்துப் பாருங்கள். அரைமணி நேரப் பேரத்தில் ஒரு பைசா இறங்கவில்லை.

அடுத்தது பாடும் கிண்ணம். மரக்கட்டையால் விளிம்பைச் சுற்றினால் ரீங்காரம் எழும். கடைக்காரர் சுற்றியபோது கோயில் மணியின் கார்வைபோல அறையே அதிர்ந்தது. மாமா சுற்றியபோது கிரைண்டரில் கல் மாட்டியதுபோல இருந்தது. ஆனாலும் கண்ணை மூடி, "ஒண்ணரைக் கட்டை" என்று தீர்ப்புச் சொன்னார். ஏழு உலோகக் கலவை என்று கடைக்குக் கடை சொல்கிறார்கள். பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும்தான், அதாவது நம்மூர் வெண்கலம். "ஆத்துல பரண்மேல இதே உலோகத்துல உருளி கிடக்கு. அதைத் தேய்க்க ஆளில்லை" என்றாள் மாமி.

மறுநாள் பாட்டன் நகரம். மகாபௌத்தக் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் தலைமுறை தலைமுறையாக விக்கிரகம் செய்கிற நேவார்கள் இருக்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்தக் குழிக்குள் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒவ்வொன்றும் ஒற்றைப் பிள்ளை. சுவாமிமலை ஸ்தபதிகளுக்கும் மெழுகுதான் ஆரம்பம். சுவாமிமலை மாமா வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம். பட்டறைப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லையாம்.

வாசலோரம் ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து, தாரா தேவியின் தாமரைப் பீடத்தில் ஒரே ஒரு இதழுக்கு நரம்பு இழைத்துக்கொண்டிருந்தார். குண்டூசிபோல உளி, விரல்நீளச் சுத்தி. தட்டுவார், ஊதுவார், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். நாங்கள் நின்ற கால்மணி நேரத்தில் அந்த நரம்பு பாதி இதழைக்கூடத் தாண்டவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "கண்ணெதிர்ல செஞ்சுண்டிருக்கான். இது எப்படி ஓய் அசலாகும்?" என்று நகர்ந்தார்.

எதிர்க்கடையில் மாமி லோக்தா காகித நோட்டு ஒன்று வாங்கினாள். மலைச்சரிவில் வளரும் ஒரு புதரின் பட்டையிலிருந்து செய்வது. வேரை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், பூச்சி அண்டாது. நேபாளத்தின் பழைய சாசனங்களும் சுவடிகளும் பல இதில் எழுதப்பட்டவை. மாமி எதையும் விசாரிக்கவில்லை. "தொட்டுப் பார்த்தேன், நன்னாயிருந்தது. கோலம் போட்டு வச்சுக்கலாம்."

அன்று சாயங்காலமே மாமாவுக்கு அசல் கிடைத்துவிட்டது. தமேலில் மூலைக்கடை ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறிய சாணளவு புத்தர். இருநூறு வருஷம் என்று கடைக்காரர் காதோடு சொன்னார். மாமா இந்தத் தடவை பேரமே பேசவில்லை.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நேபாளத்திலிருந்து நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைக் கொண்டுபோகத் தடை; பழசுபோலத் தெரிகிற சிலைக்குத் தொல்லியல் துறையின் சான்று வேண்டும். "புரானா?" என்றார் அதிகாரி. மாமாவின் முகத்திலும் களிம்பு ஏறியது. "நயா ஸாப்! பில்குல் நயா! நக்லி!" என்று கதறி, மாமியின் கைக்குட்டையைப் பிடுங்கி, எச்சில் தொட்டுப் புத்தரின் தலையை அழுத்தித் தேய்த்தார். பச்சை முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. பளபளவென்று சிரித்தார் புத்தர். அதிகாரியும் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

விமானம் எழும்பி மேகத்தைத் தாண்டியதும் மாமா பக்கத்து ஸீட்காரர் பக்கம் சாய்ந்தார். "ஒரு புத்தர் வாங்கினேன். என்ன வயசிருக்கும், சொல்லுங்கோ பார்ப்போம்?"

மாமி கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள், பச்சைப் பக்கம் உள்ளே போகும்படியாக.