விலாசம் எங்கே?

கேள்வி: எங்கள் தறியில் நெய்யும் பட்டுப்புடவைகளை விற்க இணையதளம் தொடங்கியிருக்கிறோம். முகவரி, போன் நம்பரை எங்கே போடுவது?
— நெசவாளர் மகள் ஒருவர், கூரம்

பதில்: இதை உங்கள் ஊரிடமே கேட்டிருக்கலாம்! 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, ஊர் ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் இருப்பதையும், நிலத்தின் எல்லைகளையும், பாலாற்றிலிருந்து வரும் பெரும்பிடுகு என்ற வாய்க்காலையும் விவரமாகச் சொல்கிறது. செம்பில் எழுத்து வெட்டியவர்களே இடம் சொல்ல அலுத்துக்கொள்ளவில்லை.

முதல் பக்கத்தின் மேலேயே நம்பரைப் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முழு முகவரி இருக்கட்டும். நம்பரைப் படமாக ஒட்டாதீர்கள். எழுத்தாக, தொட்டவுடன் போன் போகும்படி அமையுங்கள். பெயர், மின்னஞ்சல் எல்லாம் கேட்கும் படிவத்தை மட்டும் வைத்தால், கல்யாணப் புடவைக்கு அவசரமாக வருபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மேப் இணைப்போடு, 'ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து இப்படி வாருங்கள்' என்று வழியும் எழுதுங்கள். பின்கோடு, கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள் மூன்றும் அவசியம்.

ஆன்லைனில் விற்கும் நிறுவனங்கள் தலைமை அலுவலகம், கிளைகளின் முகவரியையும் தொடர்பு விவரங்களையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன.

நம்பர் மாறினால் அன்றைக்கே தளத்திலும் மாற்றிவிடுங்கள், அம்மா.